எதிர் கட்டடத்தின் குளிர்ச்சி

கம்பெனிக்குள் குடை விரித்திருந்தது. ஒன்றல்ல, ஒரு வரிசை முழுக்க.

கந்தவேல் கதவருகிலேயே நின்றுவிட்டார். வெளியே ஒரு சொட்டு மழை இல்லை. மாசி வெயில் பெருமாநல்லூர் ரோட்டை வறுத்துக்கொண்டிருந்தது. உள்ளே, அவருடைய புத்தம்புதிய யூனிட்டில், தையல் மிஷின்களின் தலைக்கு மேல் கறுப்பும் பூப்போட்டதுமாகக் குடைகள். ஒவ்வொன்றையும் மிஷின் கம்பியோடு துணி நாடாவால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். குடைக்குக் கீழே டெய்லர்கள் குழந்தைச் சட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதென்ன பனியன் கம்பெனியா, பஸ் ஸ்டாண்டா?"

கந்தவேல் போட்ட சத்தத்தில் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மயிலாள் மட்டும் குடைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

"வெயிலுங்கண்ணா. கூரைக் கண்ணாடி வழியா நேரா உச்சந்தலைல எறங்குதுங்க. ஊசி இருக்கற எடமே தெரியமாட்டேங்குது."

"வெயில் அடிக்குதுன்னா கம்பெனிக்குள்ள குடை புடிப்பாங்களா? மடக்கு எல்லாத்தையும்!"

"மடக்கறமுங்க. மடக்கிட்டு அப்படியே நாங்களும் ஊட்டுக்குக் கெளம்பறமுங்க."

குடைகள் விரித்தபடியே இருந்தன. பெருமாநல்லூரில் கடவுள் கிடைத்தாலும் டெய்லர் கிடைப்பதில்லை.

கந்தவேலின் கோபம் அந்த வட்டாரத்தில் பிரசித்தம். காலையில் ஆளை வேலையைவிட்டு நீக்குவார், டீ வருவதற்குள் திரும்பச் சேர்த்துக்கொள்வார். சூப்பர்வைசர் அருள்குமாரை இந்த மாதிரி எத்தனை தடவை நீக்கினார் என்பது அருள்குமாருக்கே நினைவில்லை. கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும் என்று கல்யாணமான புதிதில் அவர் மனைவி சித்ராதேவி நம்பினாள். இப்போது அந்தப் பழமொழியைச் சொன்ன ஆள் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டாள்.

ஆனால் இந்த மத்தியானக் கோபத்துக்கு நியாயம் இருந்தது. வெள்ளிக்கிழமை பையிங் ஆபீஸிலிருந்து மைதிலி மேடம் வரப்போகிறார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்காகத் திருப்பூரில் சரக்குப் பார்த்து ஆர்டர் கொடுப்பவர். குழந்தை உடுப்பு, வருஷம் பூராவும் ஓடக்கூடிய ஆர்டர். அந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு இப்போதெல்லாம் தையல் நேராக இருந்தால் மட்டும் போதவில்லை. தைக்கிற கட்டடம் கரண்ட்டை மிச்சம் பிடிக்க வேண்டும். உள்ளே வேலை செய்கிறவர்கள் வேகக் கூடாது. அதைத் தெர்மாமீட்டர் வைத்தே பார்ப்பார்கள். ஆர்டர் கிடைத்தால் புது யூனிட் நிமிர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் பங்குனிக்குள் கேட்டுக்குப் பூட்டு வாங்க வேண்டியதுதான், ஏனென்றால் பூர்வீகத் தோட்டத்தை அடகு வைத்துக் கட்டிய கட்டடம் அது.

இதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. அவருடைய அண்ணன் பொங்கியண்ணனின் கட்டடம்.

அண்ணனும் தம்பியும் ஒரே கம்பெனியாக இருந்தவர்கள்தாம். பிரியும்போது எல்லாம் சுமுகமாகவே பிரிந்தது, ராசியான கட்டிங் டேபிள் ஒன்றைத் தவிர. முதல் எக்ஸ்போர்ட் சரக்கை வெட்டிய டேபிள் என்பதால் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஆசாரியைக் கூப்பிட்டு நடுவில் அறுத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். பாதி டேபிளில் எந்தத் துணியை விரிக்க முடியும்? இரண்டு கம்பெனியிலும் அது தொழிலாளிகள் சாப்பாட்டுக் கூடை வைக்கத்தான் உதவியது. பேச்சுவார்த்தையும் அன்றோடு அறுந்தது.

அதற்குப் பின் கந்தவேல் முன்னால் அண்ணன் பேச்சை எடுப்பதும், கொதிக்கிற பாய்லருக்குள் எட்டிப் பார்ப்பதும் ஒன்றுதான். அந்தத் துணிச்சல் யாருக்கும் வரவில்லை.

பேச்சுத்தான் இல்லையே தவிர, பார்வை இருந்தது. எதிரே புதுக் கட்டடம் எழும்பியதிலிருந்து கந்தவேல் பக்கத்து மனையிலேயே இருந்த தன் பழைய யூனிட்டின் மாடி ஜன்னலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பகலில் அங்கே ஒரு லைட் எரியாது. ஜெனரேட்டர் உறுமாது. காலையில் கம்பெனி வேன் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போகும், சாயங்காலம் வெளியே வரும், உடனே கேட் சாத்திக்கொள்ளும். பீஸ் களவு போகக் கூடாது என்று வேலை நேரத்தில் கேட்டைச் சாத்துவது எல்லாக் கம்பெனியிலும் உள்ளதுதான். ஆனால் அங்கிருந்து டீக்கடைக்குக்கூட ஒரு ஆள் வருவதில்லை.

"உள்ளயே கேண்டீன் வெச்சுட்டான்," என்று கந்தவேல் பல்லைக் கடிப்பார்.

பால் காய்ச்சும் விசேஷத்துக்கு அவர் போகவில்லை. ஊருக்குப் பயந்து சித்ராதேவி மட்டும் போய்விட்டு வந்தாள். வந்தவள் வாய் தவறி, "உள்ள நின்னா ஊட்டி மாதிரி சிலுசிலுன்னு இருக்குதுங்க," என்றாள். அதோடு கந்தவேலுக்குத் தூக்கம் போயிற்று.

மறுவாரமே, அண்ணன் கட்டடத்தைக் கட்டிய அதே மேஸ்திரி அங்கமுத்துவைக் கூப்பிட்டுவிட்டார்.

"எதிர்த்தாப்பல இருக்கற மாதிரியே எனக்கொண்ணு கட்டோணும்."

"கட்டலாமுங்க. அதுக்குத் தேவிப்பிரியான்னு ஒரு ஆர்க்கிடெக்ட் அம்மணி வரைஞ்சு குடுத்தாங்க. கரண்ட் மிச்சமாகற கட்டடம் போடறதுதானுங்க அவீங்க வேலையே. ஒருக்கா வந்து எடத்தைப் பாக்கச் சொன்னா..."

"எதுக்கு? வெளிநாட்டுக்காரன் சாம்பிள் பீஸ் அனுப்புனா, கூடவே டிசைனரையும் அனுப்பறானா? பீஸைக் கையில வெச்சுட்டு, காலர்ல இருந்து காஜா வரைக்கும் அச்சு அசலா அடிச்சுக் குடுக்கறவன் நான். கட்டடம்னா என்ன, பெரிய சைஸ் பனியன். அளவெடு, அடி!"

அங்கமுத்து தலையைச் சொறிந்தார். "செய்யலாமுங்க. ஆனா அந்தக் கட்டடத்துல பாத்தீங்கன்னா இன்னும் வந்து..."

"அவன் கட்டடத்தைப் பத்தி எனக்கு நீ பாடம் எடுக்காதே! ஒரு ஜன்னல்கூட மாறக் கூடாது. அப்படியே வேணும்."

அப்படியே வந்தது. நடுவில் இடைவெளி விட்ட இரட்டைச் சுவர். ரம்பத்தின் பல்லைப் போல ஏறி இறங்கும் கூரை, பல்லுக்குப் பல் கண்ணாடி. கூரையின் மேல் காற்றில் சுழலும் உருண்டைகள். வெயிலைத் திருப்பி அடிக்க வெள்ளைப் பெயிண்ட். அண்ணனுக்குக் கண்ணாடி ரோட்டைப் பார்த்திருந்தது, தம்பிக்கும் ரோட்டைப் பார்த்தே வைத்தார்கள். தைப்பூசத்துக்குத் திறப்பு விழா. மாசியில் குடை.

"கண்ணாடியை மூடு," என்றார் கந்தவேல்.

"எதை வெச்சுங்க?" என்றான் அருள்குமார்.

"குடோன்ல கறுப்புத் துணி ரோல் கெடக்குதில்ல? அதை இழுத்துக் கட்டு."

கட்டினார்கள். வெயில் நின்றது. வெளிச்சமும் நின்றது. சூடு மட்டும் நிற்கவில்லை. கண்ணாடி வழியாக வந்த வெயிலையெல்லாம் கறுப்புத் துணி குடித்துக் குடித்து உள்ளே கக்கியது. ஊத்துக்குளி வெண்ணெயைக் கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தால் டீ நேரத்துக்குள் நெய்யாகி இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் செக்கிங் பெண் ஒருத்தி ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். கழுத்துக்கு வழியே இல்லை. இருட்டில் கழுத்தையும் சேர்த்து மூடித் தைத்துவிட்டார்கள்.

"தலையில்லாத கொழந்தைக்கா தைக்கறீங்க?" கந்தவேல் சட்டையை வீசி எறிந்தார். "லைட்டைப் போடு! எல்லா லைட்டையும் போடு!"

எல்லா லைட்டையும் போட்டார்கள். வெளியே உச்சி வெயில், உள்ளே துணியைக் கட்டி இருட்டாக்கி, அந்த இருட்டை ஓட்ட வரிசை வரிசையாக லைட். பட்டணத்துப் புத்திசாலிகள்கூட இவ்வளவு தூரம் யோசித்திருக்க மாட்டார்கள். கரண்ட் மீட்டர் ஓட ஆரம்பித்தது.

"சார், மைதிலி மேடம் மீட்டரையும் பாப்பாங்களாமுங்க," என்று அருள்குமார் மெல்ல நினைவுபடுத்தினான்.

கந்தவேல் அவனையும் இழுத்துக்கொண்டு பழைய யூனிட்டின் மாடி ஜன்னலுக்குப் போனார். எதிரே ஒரு லைட்கூட எரியவில்லை. அவருக்குப் பொறி தட்டியது.

"சென்சார்! அவன் சென்சார் வெச்சிருக்கான். ஆள் அசைஞ்சா எரியும், இல்லாட்டித் தானா அணைஞ்சுக்கும். அதேதான். இன்னைக்கே மாட்டு."

"அங்க சென்சார் எதும் இல்லீங்க சார். அங்க வந்துங்க..."

"உனக்கெப்படித் தெரியும்? அங்க போய்ட்டு வர்றியா நீ? எந்திரிச்சு வெளிய போ, இனி இந்தப் பக்கமே வரக் கூடாது!"

அருள்குமார் வெளியே போனான். டீ வந்தது. அருள்குமாரும் வந்தான்.

சென்சார் மாட்டிய மறுநாள் காலையில் எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் டெய்லர் என்கிறவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பார். விரல் நகரும், பாதம் அழுத்தும், அவ்வளவுதான். சென்சாருக்கு அதெல்லாம் அசைவில்லை. யாருமே இல்லை என்று முடிவு செய்து மொத்த லைட்டையும் அணைத்தது. கும்மிருட்டு. கூச்சல். பயத்தில் யாரோ இரண்டு கையையும் தூக்க, லைட் எரிந்தது.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் இருட்டு. இந்தத் தடவை வரிசையே கையைத் தூக்கியது. மூன்றாவது தடவை பின்னாலிருந்து ஒரு குரல், "பழனி முருகனுக்கு..." என்று எடுத்துக் கொடுக்க, மொத்தக் கம்பெனியும் இரு கையையும் உயர்த்தி, "அரோகரா!" என்றது. லைட் எரிந்தது. அதன்பின் லைட் அணையும்போதெல்லாம் அரோகரா. பக்தி கூடிக்கொண்டே போனது, பீஸ் குறைந்துகொண்டே போனது.

"நிறுத்துங்க!" கந்தவேலின் குரல் கிழிந்தது. "அருளு, நீ இனிமே எந்த வேலையும் பாக்க வேண்டாம். இங்கிருந்து அங்க, அங்கிருந்து இங்க, கையை ஆட்டிட்டே நட. லைட் அணையக் கூடாது."

டிப்ளமோ படித்த அருள்குமார் கையை ஆட்டிக்கொண்டு நடந்தான்.

மத்தியானம் மயிலாள் மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். தண்ணீர் தெளித்து உட்கார வைத்தார்கள். அவள் கண்ணைத் திறந்ததும், "ஒண்ணுமில்லீங்கண்ணா, சித்த நேரம் வெளிய வெயில்ல ஒக்காந்துட்டு வந்தாச் சரியாயிரும்," என்றாள். வெயிலில் இளைப்பாறப் போகிறேன் என்று ஒரு தொழிலாளி சொன்னால் முதலாளி என்ன செய்ய முடியும்? கந்தவேலுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதை வெளியே காட்டத் தெரியாமல், "ஆட்டோ வெச்சு ஊட்டுக்கு அனுப்புங்கடா, பாத்துட்டு நிக்கறீங்க!" என்று எல்லோர் மேலும் பாய்ந்தார்.

வீட்டில் சாப்பாடு போடும்போது சித்ராதேவி சொன்னாள். "ஏனுங்க, அந்த ஆர்க்கிடெக்ட் புள்ளையவே கூப்பிட்டுக் கேட்டறலாமுங்க. அப்புறம், உங்க அண்ணி போன்ல பேசுனாங்க. எதிர்க் கம்பெனி விசயமா..."

"அந்த ஊட்டுப் பேச்சு இந்த ஊட்ல எடுக்காதே!"

சித்ராதேவி ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆனால் ஆர்க்கிடெக்ட் யோசனை மட்டும் கந்தவேலின் மண்டையில் நின்றது.

மறுநாள் தேவிப்பிரியா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். அங்கமுத்துவும் வரவழைக்கப்பட்டிருந்தார். அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள், கறுப்புத் துணியைப் பார்த்தாள், கையை ஆட்டிக்கொண்டு நடக்கிற அருள்குமாரையும் பார்த்தாள். பிறகு வெளியே போய்ச் சூரியனைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"சார், இது என்னோட டிசைன்."

"இருக்கட்டும். அதுக்கென்ன இப்போ?"

"திருப்பிப் போட்டிருக்கீங்க. உங்க அண்ணன் கம்பெனி ரோட்டுக்குத் தெற்கால இருக்கு. அது ரோட்டைப் பார்த்தா வடக்கைப் பார்க்கும். நீங்க ரோட்டுக்கு வடக்கால இருக்கீங்க. நீங்க ரோட்டைப் பார்த்தா தெற்கு. வடக்குக் கண்ணாடியில வெளிச்சம் மட்டும் வரும். தெற்குக் கண்ணாடியில இந்த மாசத்துல சூரியனே நேரா உள்ள வந்து உக்காந்துக்கும். பனியனை எந்தப் பக்கம் திரும்பி நின்னு போட்டாலும் பனியன்தான் சார். கட்டடம் அப்படி இல்லை."

கந்தவேல் அங்கமுத்து பக்கம் திரும்பினார். "ஏய்யா, உனக்குத் தெரியாதா?"

"ஒரு ஜன்னல்கூட மாறக் கூடாதுன்னு சொன்னீங்களேங்க," என்றார் அங்கமுத்து பணிவாக.

கந்தவேலுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் மேலேயே கோபம் வந்தது. பழக்கமில்லாத கோபம். எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியாமல் அவர் முகம் கறுத்துச் சிவந்தது.

தேவிப்பிரியா சொல்லிக்கொண்டே போனாள். "வெயிலைக் கண்ணாடிக்கு உள்ள மறைச்சுப் பிரயோசனம் இல்லை சார், வெளியவே தடுக்கணும். கண்ணாடிக்கு மேல சாய்வா மறைப்புப் போடலாம். அயர்ன் பண்ற நீராவிக் குழாய் எல்லாம் சூட்டை உள்ள விடுது, அதுக்கு உறை போடணும். வடக்குச் சுவர்ல காத்துக்கு வழி திறக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பார்த்துட்டு... ஒரு மாசம் குடுத்தீங்கன்னா எல்லாம் சரி பண்ணிடலாம்."

"ஒரு மாசமா? நாளைக்கு அந்தம்மா வருதும்மா!"

"அவசரத்துல பண்ற வேலை இல்லை சார் இது. உங்க அண்ணன் கட்டடத்தையே முழு லோடு ஏத்தி அளந்து பார்க்க எனக்கு இன்னும் வாய்ப்புக் கிடைக்கலை. ஏன்னா அங்க..."

"அங்க, அங்க, அங்க! எல்லாத்துக்கும் அந்தக் கட்டடமேதானா? வுடும்மா!"

அவள் சொன்னதில் கந்தவேலின் காதில் ஏறியது ஒன்றே ஒன்றுதான். வடக்குச் சுவரைத் திற. தன் மேல் வந்த கோபத்தை இறக்க ஒரு சுவர் கிடைத்தது. அன்று பொழுது சாய்வதற்குள் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு வரிசையாக ஓட்டைகள் விழுந்தன.

வெள்ளிக்கிழமை காலையில் காற்று வந்தது. நிஜமாகவே வந்தது. டெய்லர்கள் வேர்வை துடைத்த துண்டைக் கீழே வைத்தார்கள். மயிலாள், "சாமி புண்ணியமுங்க," என்றாள். கந்தவேல் மீசையைத் தடவிக்கொண்டார்.

பிறகு காற்றோடு ஒரு வாசனை வந்தது. வாசனையோடு ஒரு வெள்ளை இறகு வந்தது. அதன் பின்னால் ஆயிரம் இறகு வந்தது.

வடக்குச் சுவருக்குப் பின்னால் இருந்தது கோழிப்பண்ணை. சுவர் இருந்தவரை அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. இப்போது சிவப்புச் சட்டைகளின் மேல் இறகுகள் பொழிந்தன, தையலுக்குள் சிக்கின. ஒரு சட்டையின் காலரில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக ஒரு இறகைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். ஓட்டை வழியாக இரண்டு கோழிகள் நேரிலேயே வந்து, ஒன்று அயர்னிங் டேபிளில் ஏறி நின்றது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு வந்தால்கூடப் பரவாயில்லை. கோழி வந்ததை என்னவென்று சொல்வது?

அந்த நேரம் பார்த்து மைதிலி மேடத்தின் கார் உள்ளே வந்தது.

கோழியைப் பிடிக்க அருள்குமார் குனிந்த நேரத்தில் லைட் அணைந்தது. "அரோகரா!" என்று ஒரே குரல். லைட் எரிந்தபோது, கதவருகே மைதிலி மேடம் தலையில் ஒரு இறகோடு நின்றிருந்தார்.

அருள்குமார் கோழியை விட்டுவிட்டு அவசரமாகக் கையை ஆட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தான்.

"இவர் யாரு?"

"சூப்பர்வைசருங்க மேடம்."

"ஏன் கையை ஆட்டறார்?"

"கரண்ட்டை மிச்சம் புடிக்கறாருங்க," என்றார் கந்தவேல்.

மைதிலி மேடம் சிரிக்கவில்லை. தெர்மாமீட்டரை எடுத்து வரிசை வரிசையாக வைத்துப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். காலரிலிருந்து இறகை உருவ முயன்றார். அது வரவில்லை.

"கோவிச்சுக்காதீங்க சார். இதுக்கு நான் ஓகே சொல்ல முடியாது."

கந்தவேல் ரோட்டுப் பக்கம் கையை நீட்டினார். "மேடம், இது காப்பிங்க! அசல் அங்க நிக்குது, எதிர்த்தாப்பல! எங்க அண்ணனோடது! உள்ள ஊட்டி மாதிரி இருக்கும், ஒரு லைட் எரியாது, ஒரு சத்தம் இருக்காது. அதைப் பாத்துத்தான் என்ற தோட்டத்தை வெச்சு இதைக் கட்டுனேன்!"

மிஷின்கள் நின்றன. அண்ணன் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து எத்தனையோ வருஷமாகிறது.

மைதிலி மேடம் தெர்மாமீட்டரை அவர் கையிலேயே கொடுத்தார். "அப்போ ஒண்ணு பண்ணுங்க. அங்க போய், எப்படிக் குளிர்ச்சியா இருக்குன்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க. அதை இங்கயும் பண்ண முடியும்னா நான் காத்திருக்கேன். ஆர்டரை வேற யாருக்கும் குடுக்கலை."

கந்தவேல் வாசலை நோக்கி நடந்தார். மயிலாள் எழுந்து நின்றாள். "அண்ணா, அங்க போகாதீங்க. பெரியவரு மனசு..."

"அவன் மனசு! என்ற மனசை இங்க யாருமே கேக்கறதில்ல!"

ரோட்டைக் கடப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. இந்தப் பக்கம் வரவே கூடாது என்று எத்தனை சத்தியம் செய்திருந்தார்! ஒரு ஆர்டருக்காக, வயிற்றுக்காக, அண்ணன் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறதே என்று உடம்பு எரிந்தது. கேட்டை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார்.

வாட்ச்மேன் சுப்பையன் சின்னக் கதவைத் திறந்தார். பழைய கம்பெனியிலிருந்தே இருப்பவர். கந்தவேலைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார்.

"சின்னவருங்களா! பெரியவர் இல்லீங்க, கோயமுத்தூர் போயிருக்காருங்க."

"நல்லதாப் போச்சு. உள்ள போகோணும், தள்ளு."

"வேண்டாமுங்க. யாரையும் உள்ள உடக் கூடாதுன்னு..."

"நான் யாரோவா? அவன்கூடப் பொறந்தவன்யா!"

சுப்பையனைத் தள்ளிக்கொண்டு கந்தவேல் கட்டடத்துக்குள் நுழைந்தார். நுழைந்ததும் நின்றுவிட்டார்.

குளிர்ச்சி. வேர்வையில் நனைந்த சட்டை முதுகில் சில்லென்று ஒட்டியது. கூரைக் கண்ணாடி வழியாக வெளிச்சம் மட்டும் மிருதுவாக இறங்கியது, ஒரு பொட்டு வெயில் இல்லை. ஆள் யாரையும் காணவில்லை, எல்லோரும் கேண்டீனில் சாப்பிடப் போயிருப்பார்கள். மிஷின்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் உறை போட்டிருந்தது. சாப்பாட்டுக்கு எழுந்தால்கூட மிஷினுக்கு உறை! தரையில் பஞ்சுத் தூசி இல்லை, நூல் துண்டு இல்லை. தெர்மாமீட்டரைப் பார்த்தார். கீழே இறங்கிக்கொண்டே இருந்தது.

கந்தவேலுக்குக் கண் கலங்கியது. அவமானமா, பொறாமையா, ஆத்திரமா என்று அவருக்கே தெரியவில்லை. அண்ணன் ஜெயித்துவிட்டான். தன்னால் காப்பிகூட அடிக்க முடியவில்லை. அவன் வரட்டும், காலில் விழுந்தாவது கேட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகவே இன்னும் கோபம் பொங்கியது. அந்தக் கோபமெல்லாம் பின்னால் வந்து நின்ற சுப்பையன் மேல் திரும்பியது.

"யோவ், உண்மையைச் சொல்லு! கண்ணாடி இருக்குது, என்கிட்டயும் இருக்குது. ரெட்டைச் சுவர் இருக்குது, என்கிட்டயும் இருக்குது. அத்தனை பேரை உள்ள வெச்சு வேலை வாங்கியும் எப்படிய்யா இது இப்படிக் குளுந்து கெடக்குது? கரண்ட்டே இழுக்காம எப்படிய்யா ஓட்டறான் எங்கண்ணன்?"

சுப்பையன் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"ஏனுங்க சின்னவரே, ஊருக்கே தெரிஞ்சது உங்களுக்குத் தெரியாதுங்களா? பால் காய்ச்சுன அன்னைக்கே பெரியவரு ஆர்டர் கேன்சலாயிருச்சுங்க, நீங்க பாப்பீங்கன்னு தெனமும் வெறும் வேனை உள்ள உட்டு வெளிய எடுக்கறதோட சரி, இன்னைக்கு வரைக்கும் இதுக்குள்ள ஒரு மிஷின்கூட ஓடலீங்க!"